நாற்பத்து மூன்றாவது டெர்மினல்

சீவலக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அந்த அறையில் நான்கு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசிப்பதையே தொழிலாக வைத்திருந்தார்கள். யோசித்து முடித்ததாக இதுவரை தகவல் இல்லை.

இவர்களுக்குத் தலைவர் தாயுமானவன். நாற்பது வயது. யார் எதைச் சொன்னாலும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு, எழுதியது எழுதியபடி செய்து முடிக்கிற நல்ல மனுஷர். அவருக்குக் கீழே இசக்கியப்பன், செண்பகவல்லி, ஆவுடைநாயகம் என்று மூன்று பேர். அறிவில் தலைவருக்கு அவர்கள் ஒரு துளியும் குறைந்தவர்கள் இல்லை, கூடினவர்களும் இல்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை கொடுக்க வேண்டுமென்றால் ஒரே ஆள் கொடுக்கக் கூடாது. இசக்கி தாளைப் பார்த்து வாசிப்பான். செண்பகவல்லி தட்டுவாள். ஆவுடைநாயகம் எண்டரை அழுத்துவான். தாயுமானவன் பின்னால் நின்று “சரி” என்பார். இப்படிச் செய்தால் தப்பே நேர்ந்தாலும் ஆளுக்குக் கால் தப்புதான் வரும் என்பது அவர் கணக்கு.

இன்னொரு பழக்கமும் உண்டு. புரோகிராம் என்கிற நிரலை எழுதுகிற எடிட்டர் ஜன்னலோர மேஜைக் கம்ப்யூட்டரில் இருந்தது. கட்டளை தட்டுகிற டெர்மினல், அதாவது வெறும் எழுத்து மட்டும் ஓடுகிற அந்தக் கறுப்புக் கட்டம், கதவோர மேஜைக் கம்ப்யூட்டரில் இருந்தது. இங்கே எழுதியதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு நால்வரும் வரிசையாக அங்கே நடப்பார்கள். அங்கே தப்பு என்று வந்தால் வரிசையாக இங்கே நடப்பார்கள்.

அன்றைக்கு அவர்கள் தலைக்கு மேலே ஒரு கத்தி தொங்கியது. பக்கத்துப் பேருந்து நிலையத்தில் இனிமேல் மனிதர் யாரும் அறிவிப்புச் செய்ய வேண்டாம், கம்ப்யூட்டரே ஒலிபெருக்கியில் பேசும் என்று நகராட்சியிடம் ஒப்புக்கொண்டிருந்தார் இவர்களுடைய முதலாளி கனகசபாபதி. சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பு விழா. நகராட்சித் தலைவி வருகிறார். முதலாளியும் சென்னையிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் அவர் தாயுமானவனிடம் சொன்னது இது:

“நாலு மணிக்கு அந்தக் குரல் வரணும். வரலைன்னா இந்த ஆபீஸை மூடிடறேன். திங்கக்கிழமை நாலு பேரும் சென்னையில இருக்கணும்.”

மற்ற மூவருக்கும் சென்னை என்றால் கடல் பார்க்கலாம் என்ற அளவில் ஒரு கஷ்டம்தான். தாயுமானவனுக்கு அப்படியில்லை. அவர் மனைவி தமயந்தி உள்ளூர் அரசுப் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி ஆறு வருஷம் அவர் சென்னையிலும் அவள் இங்கேயுமாக, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இந்த அலுவலகம் திறந்த பிறகுதான் தினமும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள். மறுபடியும் மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதானா என்று காலண்டர் தாளில் எண்ணிப் பார்த்தார்.

காலை பதினொரு மணிக்கு, உதவிக்கென்று சென்னை அலுவலகத்து ஸ்வர்ணா வீடியோவில் வந்தாள். கெட்டிக்காரப் பெண். இவர்கள் வேலை செய்வதை ஐந்து நிமிஷம் பார்த்தாள். நால்வரும் திரையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போனார்கள். பிறகு வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் வந்தார்கள்.

“சார், ஏன் எல்லாரும் வரிசையா அங்கே போறீங்க?”

“டெர்மினலுக்குப் போறோம்மா.”

“டெர்மினல் எடிட்டருக்குள்ளேயே இருக்கே சார்!”

ஆவுடைநாயகம் குனிந்து தன் செருப்பின் தேய்ந்த குதியைப் பார்த்தான். “ஒண்ணரை வருஷமா நடந்திருக்கோம் அண்ணாச்சி” என்றான்.

எந்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று ஸ்வர்ணா சொல்லிக்கொடுத்தாள். எடிட்டரின் அடியில் கறுப்புக் கட்டம் ஒன்று எழுந்து வந்தது. நால்வரும் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். “இதை மேலே இழுத்துப் பெரிசாக்கிக்கலாம். ஒரு தடவை தட்டினதை மறுபடி தட்டாதீங்க, மேல் அம்புக்குறியை அழுத்தினா பழசு வரும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி டெர்மினல் வெச்சுக்கோங்க, ஓரத்துல கூட்டல் குறி இருக்கு பாருங்க.” தாயுமானவன் ஒரு சொல் விடாமல் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டார். அங்கேதான் வினை ஆரம்பமானது.

முதலில் இழுத்துப் பெரிதாக்கினார்கள். இசக்கிக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. கறுப்புக் கட்டத்தைப் பிடித்துத் திரையின் உச்சி வரைக்கும் இழுத்துவிட்டான். எழுதிவைத்த நிரல் முழுவதும் மறைந்துபோனது.

“அண்ணாச்சி, நிரலைக் காணோம்!”

“கடைசியா அதைப் பாத்தது யாரு?”

“நான்தான். இழுக்கறதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்துச்சு.”

ஆவுடைநாயகம் திரையைத் தூக்கி அடியில் பார்த்தான். அங்கே ஒரு பேனா மூடிதான் கிடந்தது. மூன்று மாத உழைப்பு போய்விட்டதே என்று செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையால் மௌஸைத் தொட்டதில் கட்டம் சற்றே கீழே இறங்கி, நிரலின் மேல் வரி எட்டிப் பார்த்தது. பிறகு நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற பானையின் மூடியைத் திறப்பதுபோல மெல்ல மெல்ல இறக்கினார்கள். நிரல் பத்திரமாக இருந்தது. மணி பன்னிரண்டு.

அடுத்து, ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் கட்டளை வேண்டியிருந்தது. இரண்டே எழுத்து. செண்பகவல்லி விரலைக் கொண்டுபோனாள்.

“நில்லு” என்றார் தாயுமானவன். “இதை நாம முன்னாலயே தட்டியிருக்கோமா?”

“இந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கினப்போ கடைக்காரர் ஒரு தடவை தட்டிக் காட்டினாவ.”

“அப்ப மறுபடி தட்டக் கூடாது. அம்புக்குறியை அழுத்து.”

அம்புக்குறியை அழுத்தினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய கட்டளைகள் வந்தன. யார் யாரோ தட்டியதெல்லாம் வந்தது. இசக்கி உரக்க எண்ணிக்கொண்டே வந்தான். முந்நூற்றுப் பதினோராவது அழுத்தலில் அந்த இரண்டெழுத்து வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய சந்தோஷத்தில் செண்பகவல்லி இன்னொரு தடவை அழுத்திவிட்டாள், அது போயே போய்விட்டது.

கீழ் அம்புக்குறியைப் பற்றித் தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் திறந்து, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். இரண்டெழுத்து தட்டுகிற வேலை ஒரு மணிக்குள் முடிந்ததே என்று தாயுமானவன் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

ஒரு மணிக்குப் பிறகுதான் பெரிய சோதனை வந்தது. குரல் கொடுக்கும் நிரல் ‘நிலையம்’ என்ற ஃபோல்டரில் இருந்தது. முதலில் அந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும். போன பிறகு நிரலை ஓட்ட வேண்டும்.

“போறது ஒரு வேலை, ஓட்டுறது ஒரு வேலை. ரெண்டு வேலை” என்றான் ஆவுடைநாயகம்.

“ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி டெர்மினல்னு எழுதியிருக்கு” என்றான் இசக்கி.

அப்படியே ஒரு டெர்மினலில் ஃபோல்டருக்குப் போனார்கள். கூட்டல் குறியை அழுத்தி, இன்னொரு டெர்மினலில் நிரலை ஓட்டினார்கள். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வந்தது. ஒரு கட்டத்தில் போனால் இன்னொரு கட்டத்தில் போனதாகாது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

“நாம ஃபோல்டருக்குப் போனோமா, இல்லையா?” என்று கேட்டார் தாயுமானவன்.

“போனோம் அண்ணாச்சி. நாலு பேரும்தான் போனோம்.”

“அப்ப திரும்பி வந்தது யாரு?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தான் வரவில்லை என்று இசக்கி நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். செண்பகவல்லியும் வரவில்லை. ஆவுடைநாயகம் மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

“நான் நடுவுல தண்ணி குடிக்க எந்திரிச்சேன்.”

“அதான பாத்தேன்!” என்றார் தாயுமானவன். “ஒரு ஆள் வெளிய வந்தா எல்லாருமே வந்ததாத்தான் அது எடுத்துக்கும். இனிமே ஒருத்தரும் அசையக் கூடாது.”

ஒருவரும் அசையவில்லை. ஒரு டெர்மினலில் போனார்கள், அடுத்த டெர்மினலில் ஓட்டினார்கள். கோப்பு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு போனார்கள். கோப்பு இல்லை. வாசற்கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஃபோல்டர் என்னவோ பூட்டின கதவுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் போக ஒன்று, ஓட்ட ஒன்று என்று புதிய டெர்மினல்கள் கூடிக்கொண்டே போயின. மணி மூன்றைத் தாண்டியது. மைக் சோதிக்கும் சத்தம் சந்தில் கேட்டது. தாயுமானவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பார்த்தால் திங்கட்கிழமை சென்னை ரயில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் செண்பகவல்லி அந்தக் குற்றத்தைச் செய்தாள். அசதியில் கூட்டல் குறியை அழுத்த மறந்து, ஃபோல்டருக்குப் போன டெர்மினலிலேயே ஓட்டும் கட்டளையையும் தட்டிவிட்டாள். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியோடு சேரப் பாஸ்வேர்டு கொடு என்று கம்ப்யூட்டர் கேட்டது.

“அண்ணாச்சி, தப்புப் பண்ணிட்டேன். ஒரே டெர்மினல்ல ரெண்டு வேலை செஞ்சிட்டேன்” என்று எழுந்து நின்றாள்.

தாயுமானவன் யோசித்தார். தப்பு தப்புதான். ஆனாலும் கால் தப்புதானே. “இந்த ஒரு தடவை போகட்டும். உக்காரு” என்றார். அதைவிடப் பெரிய மன்னிப்பை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை.

பாஸ்வேர்டை இசக்கி வாசித்தான். செண்பகவல்லி தட்டினாள். திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. பாஸ்வேர்டை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டர் அதைக் காட்டாது. இது இவர்களுக்கு யார் சொல்ல? கீபோர்டு செத்துவிட்டது என்று மறுபடி தட்டினாள். இன்னும் அழுத்தித் தட்டினாள். ஒன்றும் வரவில்லை.

“எண்டரைத் தட்டு” என்றார் தாயுமானவன்.

“மாட்டேன்” என்றான் ஆவுடைநாயகம்.

“ஏம்ப்பா?”

“எழுத்து இருந்தாத்தான் எண்டர் தட்டுவேன். ஒண்ணுமே இல்லாத இடத்துல எதுக்கு எண்டர் தட்டுறது? நாளைக்கு யாரும் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“அவ தட்டினதை நான் பாத்தேன்” என்றான் இசக்கி. “சத்தியமாத் தட்டினா.”

“நீ விரலைப் பாத்தே. நான் திரையைப் பாக்கேன்.”

பத்து நிமிஷம் கெஞ்சியும் அவன் மசியவில்லை. கடைசியில் தாயுமானவனுக்குத்தான் மூளை வேலை செய்தது. ஒரு துண்டுத் தாளில் பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லி, திரையில் காலியாக இருந்த அந்த இடத்தில் பசை தடவி ஒட்டினார். முன்னால் தட்டியதெல்லாம் கணக்கில் வராமல் இருக்க எல்லாவற்றையும் அழித்துவிட்டு, செண்பகவல்லி புதிதாக ஒரே ஒரு தடவை தட்டினாள். ஆவுடைநாயகம் தாளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தான். “இப்ப இருக்கு” என்று திருப்தியாகச் சொல்லி எண்டரை அழுத்தினான்.

மூன்று ஐம்பதுக்கு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தென்காசி செல்லும் பேருந்து இரண்டாவது தடத்தில் நிற்கிறது.”

நால்வரும் கட்டிப்பிடிக்காத குறையாகக் குதித்தார்கள். தாயுமானவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். உடனே தமயந்திக்குப் போன் போட்டு, “ராத்திரிக்குத் தோசைக்கு அரைச்சு வை, நாளைக்கும் அரைச்சு வை” என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

நாலு மணிக்கு விழா தொடங்கியது. நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் குரல் அழகாகப் பேசிக்கொண்டிருந்தது. அறைச் சுவருக்கு அப்பால் நடப்பது இவர்கள் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேட்கும். அப்போது ஸ்வர்ணா மறுபடி வீடியோவில் வந்தாள். எடிட்டரைப் பார்த்ததும் அவள் புருவம் நெற்றி மயிரைத் தொட்டது.

“சார், நாற்பத்து மூணு டெர்மினல் திறந்திருக்கு! கம்ப்யூட்டருக்கு எவ்வளவு பாரம்? தேவையில்லாததை எல்லாம் மூடிடுங்க. அறிவிப்பு ஓடுறதை மட்டும் விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு வேறு அழைப்புக்குப் போய்விட்டாள்.

நால்வரும் எடிட்டரின் ஓரத்தைப் பார்த்தார்கள். நாற்பத்து மூன்று டெர்மினல்களும் ஒரே பெயரில் மேலும் கீழுமாக அடுக்கி நின்றன.

“இதுல அறிவிப்பு ஓடுறது எது?” என்றார் தாயுமானவன்.

யாருக்கும் நினைவில்லை. திறந்து பார்க்கலாம் என்றால், ஓடுகிற ஒன்றைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால்? இசக்கி ஒரு வழி சொன்னான். “ஒவ்வொண்ணா மூடுவோம் அண்ணாச்சி. மூடின பிறகும் குரல் கேட்டா, அது இல்லைன்னு அர்த்தம்.”

அறிவுள்ள பேச்சாக இருந்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். இசக்கி எண்ணைச் சொன்னான். செண்பகவல்லி டெர்மினலை மூடுவதற்கென்று இருந்த குப்பைத் தொட்டிப் படத்தின்மேல் மௌஸைக் கொண்டுபோனாள். ஆவுடைநாயகம் அழுத்தினான். தாயுமானவன் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

“கேக்குது. இது இல்லை.”

இரண்டாவதை மூடினார்கள். கேட்டது. மூன்றாவதை மூடினார்கள். கேட்டது. சங்கரன்கோவில் வண்டியும் ராஜபாளையம் வண்டியும் தடம் தவறாமல் அறிவிக்கப்பட்டன. முப்பதைத் தாண்டும்போது தாயுமானவனின் காது சிவந்துவிட்டது. நாற்பத்து இரண்டாவதையும் மூடினார்கள். குரல் அப்போதும் கணீரென்று கேட்டது.

ஒன்றுதான் மிச்சம்.

“அப்ப இதுதான் அது” என்றாள் செண்பகவல்லி.

“எப்படிச் சொல்லுதே?” என்றான் ஆவுடைநாயகம். “நாப்பத்து ரெண்டையும் மூடிப் பாத்துத்தான சொன்னோம்? இதை மட்டும் பாக்காம சொல்லலாமா?”

“அவன் சொல்லுறது நியாயம்தான்” என்றான் இசக்கி. “இதுவும் இல்லைன்னா என்ன பண்ணுவோம்?”

தாயுமானவன் இரண்டு பக்கத்தையும் நிதானமாகக் கேட்டார். தன் வீடு, தன் தோசை, தன் தமயந்தி எல்லாம் இந்த ஒரு டெர்மினலில் இருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சந்தேகத்தில் விட அவருக்கு மனசு வரவில்லை.

“உறுதி பண்ணிருவோம்” என்றார்.

ஆவுடைநாயகம் அழுத்தினான். பேசிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது.

“இதுதான்!” என்று நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “கண்டுபிடிச்சாச்சு!” இசக்கி தாயுமானவனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். செண்பகவல்லி அந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி வட்டம் போட்டாள்.

சுவருக்கு அப்பால் ஒரு அரை நிமிஷம் அமைதி. அந்த அரை நிமிஷத்தில்தான் தாயுமானவனுக்கு எதுவோ உறைத்தது. மறுபடியும் சுவரில் காதை வைத்தார்.

அங்கே நடந்தது இதுதான். விழா நாளில் கண்டக்டர்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நகராட்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பொறுத்திருந்தார்கள். ஒலிபெருக்கி வாயை மூடியதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பந்தல் துணிக்குப் பின்னாலிருந்து பதினெட்டுக் கண்டக்டர்களும் மொத்தமாகத் திறந்துவிட்டார்கள்.

“தென்காசி தென்காசி தென்காசி! ஏறு ஏறு! படியில நிக்காத, உள்ள போ! ராஜபாளையம் ராஜபாளயோம்!”

நால்வரும் சிலையாக நின்று கேட்டார்கள்.

“அண்ணாச்சி” என்றான் ஆவுடைநாயகம் பயபக்தியோடு, “பாரம் குறைஞ்சதும் குரல் எப்படித் திறந்திருச்சு, கேட்டியளா?”

தாயுமானவனின் போன் அடித்தது. மேடையிலிருந்து முதலாளி.

“தாயுமானவன், குரலாய்யா அது! தலைவியம்மா அப்படியே அசந்துட்டாங்க. முதல்ல வந்த பொம்பளைக் குரல் சும்மா ஒப்பிக்கிற மாதிரி இருந்துச்சு, இப்ப வர்றது மெஷின் மாதிரியே இல்லைங்கிறாங்க. ஒரு குரல் கேக்குது, இன்னொரு குரல் பதில் சொல்லுது! இதே மாதிரி இன்னும் நாலு ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வேணுமாம். உங்க ஆபீஸ் இங்கேயே இருக்கட்டும். என்ன செஞ்சீங்களோ, ஒண்ணு விடாம எழுதி வையுங்க, மத்த ஊர்லயும் அப்படியே செய்யணும்.”

தாயுமானவன் அழுதுவிட்டார். அழுதுகொண்டே புதிய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, ஒண்ணு விடாமல் எழுதினார்: டெர்மினல் நாற்பத்து மூன்று திறக்கவும். ஒன்றில் அறிவிப்பை ஓட்டவும். நாற்பத்து மூன்றையும் மூடவும்.

அடுத்த இரண்டு மாதத்தில் நாலு ஊரிலும் அப்படியே செய்தார்கள். நாலு ஊர் பேருந்து நிலையங்களிலும் குரல் அட்டகாசமாக ஒலித்தது. கடைசி ஊரில் மட்டும் ஒரு சின்னப் பிசகு. எண்ணிக்கையில் தவறி, அறிவிப்பு ஓடிய ஒரு டெர்மினலை மூடாமல் விட்டுவிட்டார்கள். கண்டக்டர்களின் சத்தத்துக்கு நடுவே, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. தாயுமானவன் பதறிப்போய் மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கே நேரில் ஓடினார். யாரோ ஒரு அம்மா உள்ளே புகுந்து பேசிவிட்டதாகவும், இனிமேல் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தார். இசக்கி வாசித்தான், ஆவுடைநாயகம் முற்றுப்புள்ளி வைத்தான்.